பசங்களுக்கு ஃபுட்பால் எப்படி சொல்லித் தர்றோம்: பெத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வடசென்னைல ஒரு சின்ன கிரவுண்டுல 5 வயசுல இருந்து 13 வயசு வரைக்கும் இருக்குற பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன். வாரத்துல மூணு நாள் சாயங்காலம் ப்ராக்டிஸ், ஞாயித்துக்கிழமை காலைல மேட்ச். பிள்ளைய சேக்க வர்ற அப்பா அம்மா எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், கிரவுண்டு வாசல்ல நின்னு அவசரமா பதில் சொல்றதுல பாதி விட்டுப்போயிடுது, அதான் ஒரு நாள் உக்காந்து எல்லாத்தையும் எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க, சேக்குறதா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க.

உங்க கோச்சிங் முறை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க சார்?

பந்து யார் கால்ல இருக்கோ, முடிவு அந்தப் பிள்ளையோடது. பாஸ் போடறதா, டாட்ஜ் பண்ணிப் போறதா, திரும்பி வர்றதா, எதுவா இருந்தாலும் சரி. தப்பா முடிவெடுத்தாலும் அது அவன் எடுத்த முடிவா இருக்கணும். மத்த எல்லாமே, நான் ஏன் கத்தறதில்ல, ஏன் சின்ன சின்ன டீமா பிரிக்கறேன், ஏன் எல்லாரையும் எல்லா எடத்துலயும் ஆட விடறேன், எல்லாம் இந்த ஒண்ணுல இருந்துதான் வருது.

சேந்து ஆறு மாசம் ஆச்சு, டீம் ஒரு கப் கூட ஜெயிக்கலயே?

இந்தக் கேள்விய யாரும் நேரா கேக்க மாட்டாங்க, சுத்தி வளைச்சு கேப்பாங்க, அதனால நானே நேரா எடுத்துக்கறேன்.

கோச்சிங் ஆரம்பிச்ச புதுசுல நான் நெறைய கப் ஜெயிச்சவன். 12 வயசுக்குட்பட்ட டீம் ஒண்ணு, 14 பசங்க. அதுல ஒருத்தன் மத்தவங்கள விட ஒரு தலை ஒசரம், நல்லா ஓடுவான். நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு, பந்து கெடச்சா தூக்கி முன்னாடி அடி, அவன் ஓடிப்போய் கோல் போட்டுடுவான். போன எடமெல்லாம் ஜெயிச்சோம். மூணு பசங்க அந்த வருஷம் பூரா மொத்தமா அரை மணி நேரம் கூட ஆடிருக்க மாட்டாங்க, தண்ணி பாட்டில் தூக்கறது, பைய பாத்துக்கறது, அதுதான் அவங்க வேல.

அந்தப் பசங்களுக்கு 17 வயசு ஆனப்போ எண்ணிப் பாத்தேன். ஆடிக்கிட்டு இருந்தது ரெண்டே பேர். அந்த ஒசரமான பையன் அதுல இல்ல. 15 வயசுல மத்த பசங்களும் அவன் ஒசரத்துக்கு வந்துட்டாங்க, ஓடித் தாண்ட முடியல, பந்த வெச்சு வேற என்ன பண்றதுன்னு அவனுக்குத் தெரியல, ஏன்னா நான் சொல்லிக்குடுக்கவே இல்ல. ஒரு நாள் வந்து "சார் எனக்கு இப்பல்லாம் ஆட வரமாட்டேங்குது சார்"னான். அப்புறம் வரவே இல்ல. அந்தக் கப்பெல்லாம் இன்னும் வீட்டு பீரோ மேலதான் இருக்கு, தூசி தட்டும்போதெல்லாம் அவன் மூஞ்சிதான் ஞாபகம் வருது.

அதனால இப்ப நான் எண்ற கணக்கு வேற. இந்த வருஷம் வந்த பசங்கள்ல எத்தன பேரு அடுத்த வருஷமும் வர்றாங்க, அதான் என் கப்பு.

அப்ப ஜெயிக்கணும்ங்கற வெறியே வராதே?

வரும். நாலு பசங்கள விட்டு ரெண்டு செருப்ப கோலா வெச்சுப் பாருங்க, ஜெயிக்கணும்னு உயிரக் குடுத்து ஆடுவாங்க. அது பசங்களுக்குள்ள தானா இருக்குற விஷயம். நான் எடுத்துப்போட்டது பாயிண்ட்ஸ் டேபிளையும் கப்பையும், ஆட்டத்த இல்ல.

இது என் சொந்தக் கற்பனையும் இல்ல. 2000-ல யூரோ கப்ப பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேந்து நடத்துனாங்க, பெல்ஜியம் சொந்த மண்ணுலயே முதல் ரவுண்ட தாண்டல. அதுக்கப்புறம் மிஷேல் சப்லோன்னு ஒருத்தர் அவங்க சங்கத்துல டெக்னிக்கல் டைரக்டரா இருந்து கீழ்மட்டத்துல இருந்து எல்லாத்தையும் மாத்துனாரு. சின்னப் பசங்களோட மேட்ச வீடியோ எடுத்துப் பாத்தா பாதிப் பசங்களுக்கு பந்தே கெடைக்கல, ஆடறவங்களும் ஜெயிக்கறதுக்காக தூக்கித் தூக்கி அடிக்கறாங்க. ஒடனே 2 பேருக்கு 2 பேரு, 5 பேருக்கு 5 பேரு, 8 பேருக்கு 8 பேருன்னு வயசுக்கேத்த மாதிரி ஆட்டத்த சின்னதாக்குனாங்க, ரொம்பச் சின்ன வயசு லீக்ல பாயிண்ட்ஸ் டேபிளயே எடுத்துட்டாங்க. கோச்சுங்க நெறைய பேரு சண்டைக்கு வந்தாங்க, இருந்தாலும் விடல. அதே நாடு 2015 நவம்பர்ல ஃபிஃபா ரேங்கிங்ல முதல் எடம், 2018 உலகக் கோப்பைல மூணாவது எடம். 15 வருஷம் பொறுத்திருந்தாங்க, அதத்தான் நீங்க கவனிக்கணும்.

அதே யூரோ கப்ல ஜெர்மனி அவங்க குரூப்ல கடைசி எடம். அவங்களும் மொத்தமா மாத்தி 2014-ல உலகக் கோப்பை வாங்குனாங்க. வாங்கிட்டும் சும்மா இல்ல, 2024-25 சீசன்ல இருந்து சின்னப் பசங்க ஆட்டத்த மறுபடி மாத்தி, ரொம்பச் சின்னவங்களுக்கு 2 பேரு இல்ல 3 பேரு டீமு, சின்ன கோல் நாலு, லீக் சாம்பியன் கெடையாதுன்னு கட்டாயமாக்கிட்டாங்க. நார்வேல பசங்களுக்கு 11 வயசு ஆகுற வருஷம் வரைக்கும் எந்த விளையாட்டுலயும் டேபிள் போடக்கூடாது. இன்னைக்கு பெரிய கோல் மன்னனா இருக்கற எர்லிங் ஹாலன்ட் அங்க புரீனங்கற சின்ன ஊர்ல வளந்தது இந்த முறைலதான், அவருக்கு வெறி கொறைஞ்ச மாதிரியா தெரியுது?

பெரிய கிரவுண்டுல 11 பேர் வெச்சு ஏன் ஆட விட மாட்டேங்கறீங்க? டிவில பாக்குற மாதிரி ஆடுனாத்தான பழகும்?

ஒரு கணக்கு போடுவோம். 22 பசங்க, ஒரு பந்து, 20 நிமிஷம். சமமா பங்கு போட்டாலே ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் கூட பந்து கால்ல இருக்காது, நெஜத்துல நாலஞ்சு பேரு பிடுங்கிக்குவாங்க, மத்தவங்க கொசு அடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அதே 20 நிமிஷம் 3 பேருக்கு 3 பேருன்னு பிரிச்சா ஆளுக்கு மூணு நிமிஷத்துக்கு மேல வருது, ஒளிஞ்சு நிக்கவும் எடமில்ல.

நாங்க அதிகமா ஆடறது நாலு கோல் ஆட்டம். ஹோர்ஸ்ட் வைன்னு ஒரு ஜெர்மன் கோச் உருவாக்குனது, ஃபுனினோன்னு பேரு. ஒரு டீமுக்கு 3 பேரு, ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு சின்ன கோல், கோல் கீப்பர் கெடையாது, கோலுக்குக் கிட்ட வந்துதான் அடிக்கணும், தூரத்துல இருந்து அடிச்சா கணக்குல வராது. இதுல என்ன அழகுன்னா, வலது பக்க கோலுக்கு ஓடுவான், அங்க ரெண்டு பேரு அடைச்சுக்கிட்டு நிப்பாங்க, அப்ப இடது பக்க கோல் காலியா கெடக்கும். தலைய தூக்கிப் பாத்தவனுக்குத்தான் அது தெரியும். "எடம் எங்க இருக்குன்னு பாரு"ன்னு நான் நூறு தடவ கத்தறத விட அந்தக் காலி கோல் அவனுக்கு நல்லா சொல்லிக்குடுத்துடும். எட்டு வயசுப் பாப்பா ஒண்ணு, முதல் மூணு வாரம் நேரா முட்டிக்கிட்டே இருந்துச்சு, நாலாவது வாரம் முட்டப் போற மாதிரி போய் கால் அடிப்பாகத்தால பந்த பின்னாடி இழுத்து சட்டுனு அந்தப் பக்கம் திரும்புச்சு பாருங்க, நான் சொல்லித்தரவே இல்ல அத. கோல் போட்டுட்டு என்னப் பாக்கக் கூட இல்ல, ஆட்டத்துல அவ்ளோ மூழ்கிப்போயிருந்துச்சு.

பிரேசில் பசங்க எல்லாம் ஃபுட்சால்ல, அதாவது சின்ன கோர்ட்ல அஞ்சு அஞ்சு பேரா ஆடற ஃபுட்பால்ல, வளந்தவங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ரொனால்டினோ, நெய்மார் எல்லாம் அப்படித்தான், சின்ன எடம், எகிறாத பந்து, ரெண்டு செகண்டுல ஆள் மேல வந்துடுவான். அவ்ளோ தூரம் ஏன், நம்ம வியாசர்பாடிய குட்டி பிரேசில்னு சொல்றாங்களே, அங்க சந்துல ஆடிப் பழகுன கால்கள் எப்படின்னு இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். தனபால் கணேஷ் அங்க இருந்து வந்துதான் சென்னையின் எஃப்சிக்கு ஆடுனாரு. சந்துல கோச் கெடையாது, லைன்ல நிக்க வைக்கறவங்க கெடையாது, ஆனா பந்து மட்டும் எல்லாருக்கும் கெடைக்கும். அத எப்படி ஒரு ப்ராக்டிஸுக்குள்ள கொண்டு வர்றதுங்கறதுதான் என் வேலையே.

பக்கத்து அகாடமில கோன் வெச்சு, ஏணி போட்டு எல்லாம் ட்ரில் பண்றாங்க. இங்க எப்பப் பாத்தாலும் விளையாடிக்கிட்டே இருக்காங்களே?

கோன் உங்க பையன் கால்ல இருந்து பந்த பிடுங்காது, இப்படிப் போறதா அப்படிப் போறதான்னு அவன குழப்பாது. கோன சுத்திச் சுத்தி ஓடுனா கோன சுத்தறதுல கெட்டிக்காரனாவான். எதிர்ல ஆள் வரணும், எடம் சுருங்கணும், கூட ஆடறவன் "இங்க இங்க"ன்னு கூப்பிடணும், அப்பத்தான் அது ஃபுட்பால்.

அதுக்காக பந்துப் பழக்கம் வேணாம்னு சொல்லல. வார்ம் அப் முடிஞ்ச ஒடனே ஆளுக்கொரு பந்து, பத்து நிமிஷம் ஓடிப்பிடிச்சு ஆடறோம் பந்த உருட்டிக்கிட்டே, பிடிக்கறவனும் பந்தோட, ஓடறவனும் பந்தோட. காலோட உள்பக்கம், வெளிப்பக்கம், அடிப்பக்கம், ரெண்டு காலும் வேலை செய்யும், ஒருத்தனும் லைன்ல நிக்க மாட்டான். அப்புறம் நடுவுல ஒருத்தன விட்டு சுத்தி நாலு பேரு பாஸ் பண்ற ஆட்டம், பார்சிலோனா கிளப் பசங்க தெனமும் ஆடற ரோண்டோ. 2010-ல உலகத்தோட சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்கற பலோன் தோர் விருதுல முதல் மூணு எடமும் மெஸ்ஸி, இனியஸ்டா, ஷாவின்னு வந்துச்சே, மூணு பேரும் அந்த கிளப்போட லா மாசியா அகாடமில இந்த ஆட்டத்த ஆடி ஆடி வளந்தவங்கதான்.

இதுல நான் கவனிக்கறது காலை இல்ல, கழுத்தை. பந்து வர்றதுக்கு முன்னாடி தலைய திருப்பி ஒரு தடவ பாத்தானா? கெய்ர் ஜோர்டெட்னு ஒரு நார்வே ஆராய்ச்சியாளர் பெரிய ஆட்டக்காரங்க வீடியோவ வெச்சு இத எண்ணியிருக்காரு, பந்து வர்றதுக்கு முன்னாடி அதிகமா திரும்பிப் பாக்குறவங்களோட பாஸ்தான் அதிகமா சரியாப் போய்ச் சேருது. ரோட்ட க்ராஸ் பண்றப்ப ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லி வீட்டுல பழக்கறீங்க இல்ல, அதே பழக்கம்தான். ஏணில குதிச்சா வராது.

தப்பு பண்ணா நீங்க திட்டறதே இல்லையே, அப்புறம் எப்படி கத்துப்பான்?

கேள்வி கேப்பேன். பந்த விட்டுட்டானா, ஆட்டம் நிக்கட்டும்னு காத்திருந்து கிட்ட போய் "தம்பி, பந்து வர்றதுக்கு முன்னாடி யார் யார் எங்க இருந்தாங்க?"ம்பேன். முதல் மாசம் "தெரியல சார்"னுதான் வரும். "சரி, அடுத்த தடவ பாத்துட்டு வந்து சொல்லு." அவ்ளோதான், பிரசங்கம் கெடையாது. ரெண்டாவது மாசம் "லெஃப்ட்ல கார்த்தி இருந்தான் சார், ஆனா அவன் மேல ஆள் இருந்துச்சு"ன்னு சொல்வான். அந்தப் பதில் வந்த அன்னைக்கு எனக்கு கோல் போட்ட சந்தோஷம்.

போன மாசம் ஒரு மேட்ச்ல 6-0 தோத்தோம், நெறைய பேருக்கு கோவம். ஆனா ரெண்டாவது பாதில டிஃபென்ஸ்ல ஒரு பையன், நம்ம கோலுக்குக் கிட்ட, ரெண்டு பேரு மேல ஏறி வர்றாங்க, எதிர் டீம் கோச்சும் நம்ம அப்பாக்களும் சேந்து "அடிச்சு விட்றா"ன்னு கத்தறாங்க. அவன் அடிக்கல. ஒரு தடவ திரும்பிப் பாத்தான், ஒருத்தன ஏமாத்துனான், பந்த நடுவுல இருந்த பையனுக்குக் குடுத்தான். அடுத்த தடவ அதே மாதிரி பண்ணப்போய் பந்து போச்சு, அஞ்சாவது கோல் விழுந்துச்சு. ரெண்டுக்கும் நான் கை தட்டுனேன். முதல் தடவ மட்டும் தட்டியிருந்தா, பலிச்சாத்தான் பாராட்டுவாரு சாருன்னு அவனுக்கு புரிஞ்சிடும், அப்புறம் அவன் முயற்சியே பண்ண மாட்டான்.

ஒழுக்கத்துக்கு கண்டிப்பு உண்டு. லேட்டா வர்றது, கூட ஆடறவன கிண்டல் பண்றது, ரெஃப்ரி கிட்ட எகிறுறது, இதெல்லாம் பண்ணா கொஞ்ச நேரம் வெளிய உக்காரணும்.

வெளிய நின்னு நாங்க பசங்களுக்கு சொல்லிக்குடுக்கலாமா?

வேணாங்க. இத கோவிச்சுக்காம கேளுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு பையன் தனியா கோல் கிட்ட போயிட்டான். அவங்கப்பா லைன் ஓரம் நின்னு "அடி, அடி, இப்ப அடி"ன்னு கத்தறாரு, பாசத்துலதான். அந்தப் பையன் என்ன பண்ணான் தெரியுமா, பந்தப் பாக்கல, கோல பாக்கல, அப்பாவ திரும்பிப் பாத்தான். அந்த ஒரு செகண்டுல பின்னாடி வந்தவன் பந்த எடுத்துட்டுப் போயிட்டான். மேட்ச் முடிஞ்சப்புறம் அவர் கிட்ட தனியா சொன்னேன், "சார், அவனுக்கு பயம் கோல் கீப்பர் மேல இல்ல சார்". கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு. இப்ப நம்ம கிரவுண்டுலயே அமைதியா நின்னு பாக்குறவர் அவர்தான், மத்த அப்பாக்களுக்கு அவரே எடுத்துச் சொல்றாரு.

கை தட்டுங்க, எதிர் டீம் நல்லா ஆடுனா அவங்களுக்கும் தட்டுங்க. வீட்டுக்குப் போற வழில வண்டில வெச்சு மேட்ச பத்தி நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்க. பசிக்குதா, என்ன சாப்பிடறன்னு கேளுங்க. அவனா பேசுனா கேட்டுக்கோங்க.

என் பையன் ஸ்ட்ரைக்கர். அவன ஏன் கோல் கீப்பரா நிறுத்துனீங்க?

ஒன்பது வயசுல யாரும் ஸ்ட்ரைக்கர் இல்லைங்க. 12 வயசு வரைக்கும் எல்லாரும் எல்லா எடத்துலயும் மாறி மாறி ஆடுவாங்க, கோல் கீப்பர் உட்பட, ஆட்ட நேரமும் எல்லாருக்கும் கிட்டத்தட்ட சமம். பின்னாடி நின்னு ஆட்டத்தப் பாத்தவனுக்குத்தான் முன்னாடி எங்க ஓடணும்னு தெரியும். அதுவும் இல்லாம இன்னைக்கு ஒசரமா இருக்கான்னு டிஃபென்ஸ்ல போட்டு வெச்சுட்டா, 16 வயசுல எல்லாரும் அதே ஒசரம் ஆனப்புறம் அவன் என்ன பண்ணுவான்?

பையன் ரொம்ப சின்னதா இருக்கான், மத்த பசங்க தள்ளி விட்டுடறாங்க. செட் ஆவானா?

முதல்ல பொறந்த மாசத்தப் பாருங்க. வயசுப் பிரிவு ஜனவரி 1-ல இருந்து கணக்கு பண்றாங்க. ஜனவரில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் ஒரே பிரிவு, ஆனா நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம். எட்டு வயசுல ஒரு வருஷம்னா அவன் வாழ்ந்ததுல எட்டுல ஒரு பங்கு. உலகம் பூரா இளவயசு டீம்கள எடுத்துப் பாத்தா வருஷத் தொடக்கத்துல பொறந்த பசங்கதான் அதிகமா இருக்காங்க. பெருசா இருக்கறவனத் திறமைசாலின்னு நெனச்சு எடுத்துடறாங்க, அவ்ளோதான் விஷயம்.

பெல்ஜியத்துல மெதுவா வளர்ற பசங்களுக்குன்னே தனியா ஒரு தேசிய டீம் வெச்சாங்க, அவசரப்பட்டு கழிச்சுக் கட்டிடக் கூடாதுன்னு. ஆண்ட்வான் கிரீஸ்மன் குள்ளம்னு பிரான்ஸ்ல கிளப் கிளப்பா வேணாம்னு சொல்லி, ஸ்பெயினுக்குப் போய் ஆடக் கத்துக்கிட்டு 2018-ல பிரான்ஸுக்கே உலகக் கோப்பை வாங்கிக் குடுத்தாரு. ஜேமி வார்டிய ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் 16 வயசுல அனுப்பிட்டாங்க, வேலைக்குப் போய்க்கிட்டே சின்ன லீக்ல ஆடி, 2016-ல லெஸ்டர் சிட்டியோட பிரீமியர் லீக் சாம்பியன்.

சின்னதா இருக்கற பிள்ளைக்கு ஒரு நல்லதும் இருக்கு. தள்ளிட்டுப் போக முடியாதுன்னு தெரிஞ்சதால அவன் முன்கூட்டியே பாக்கப் பழகுவான், ஒடம்ப குறுக்க வெச்சு பந்த மறைக்கப் பழகுவான். நான் அவனுக்கு நேரம் குடுக்கறேன், நீங்களும் குடுங்க.

பெர்த் சர்டிஃபிகேட்ல ஒரு ரெண்டு வயசு கொறைச்சா பெரிய டோர்னமென்ட்ல சான்ஸ் கெடைக்கும்னு சொல்றாங்களே?

என் கிட்ட அந்தப் பேச்சே வேணாம். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசப் பாக்குற டெஸ்ட் தேசிய அளவுல இருக்கு, மாட்டுனா பிள்ளைக்குத்தான் தடை. மாட்டலன்னாலும், தன்ன விடச் சின்னவங்கள தள்ளி ஜெயிச்சுப் பழகுன பையன், சரியான வயசு ஆளுங்களோட மோதும்போது ஒண்ணும் இல்லாம நிப்பான். அவன் எடத்துல ஆடியிருக்க வேண்டிய ஒரு நெஜமான பத்து வயசுப் பிள்ளை வெளிய உக்காந்திருக்கும், அத நெனச்சுப் பாருங்க.

பொண்ணுங்கள சேத்துப்பீங்களா? பசங்களோடயா ஆடணும்?

தாராளமா. இப்ப 11 பொண்ணுங்க வர்றாங்க. 12 வயசு வரைக்கும் ஒண்ணாத்தான் ஆடறாங்க, அந்த வயசுல ஒடம்பு பலத்துல பெரிய வித்தியாசம் கெடையாது. பெண்கள் ஃபுட்பால்ல பெரிய பேர் எடுத்த பிரேசிலோட மார்த்தா சின்ன வயசுல ஊர்ப் பசங்களோட ஆடித்தான் வளந்தாங்க. நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடுனவங்க, போலீஸ் வேலைலயும் இருக்காங்க. பெரிய பொண்ணானதும் நிறுத்திடறது நம்ம ஊர்ல நெறைய நடக்குது. தயவு செஞ்சு நிறுத்தாதீங்க. அந்த நாள்ல முடியலன்னா பிள்ளை ஒரு வார்த்தை சொன்னா போதும், இல்ல என் கூட இருக்கற லேடி கோச் கிட்ட சொல்லட்டும், யாரும் காரணம் கேக்க மாட்டோம்.

ஹெட்டிங், அதான் பந்த தலையால முட்டறது, எப்ப சொல்லித் தருவீங்க?

இப்போதைக்கு கெடையாது. அமெரிக்கால 2015-ல 10 வயசு வரைக்கும் ஹெட்டிங்கே கூடாதுன்னுட்டாங்க, இங்கிலாந்துல 2020-ல இருந்து ஆரம்பப் பள்ளி வயசுப் பசங்களுக்கு ப்ராக்டிஸ்ல ஹெட்டிங் இல்ல. மூளை விஷயம், காத்திருக்கறதுல ஒரு நஷ்டமும் இல்ல. 12-க்கு மேல லேசான பந்து வெச்சு கொஞ்சம் கொஞ்சமா.

ஆடிட்டு வந்தா குதிகால் வலிக்குதுங்கறான், முட்டிக்குக் கீழ வலிக்குதுங்கறான். நடிக்கறானா?

நடிக்கல. எட்டுல இருந்து பதினாலு வயசுக்குள்ள எலும்பு சரசரன்னு வளரும், தசைநார் அந்த வேகத்துக்கு வளராது, அது போய் ஒட்டுற எடத்துல இழுக்கும். குதிகால்லயும் முட்டிக்குக் கீழ மேடா இருக்கற எடத்துலயும் இது ரொம்ப சகஜம். ஓட்டத்த கொறைச்சு, ஐஸ் வெச்சு, ஓய்வு குடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். நொண்டுனாலோ, ராத்திரி வலில எழுந்தாலோ, வீக்கம் இருந்தாலோ டாக்டர் கிட்ட போங்க. சுளுக்கெடுக்கறேன்னு எண்ணெய் போட்டு இழுக்காதீங்க.

ப்ராக்டிஸ் ஆரம்பத்துல ஒத்தக் கால்ல நிக்கறது, குதிச்சு மெதுவா எறங்கறது, விழுந்து உருளறதுன்னு 15 நிமிஷம் பண்ண வைக்கறேன் இல்ல, அது ஃபிஃபா 11 ப்ளஸ் கிட்ஸ்ங்கற வார்ம் அப். ஐரோப்பால நாலு நாட்டுல 7ல இருந்து 13 வயசுப் பசங்கள வெச்சுப் பாத்தப்போ காயம் கிட்டத்தட்ட பாதியா கொறைஞ்சிருக்கு. லேட்டா வந்தா போறது இதுதான், அதனால நேரத்துக்கு கொண்டு வந்து விடுங்க.

சாப்பாடு, ப்ரோட்டீன் பவுடர்?

பவுடர் வேணாம். ப்ராக்டிஸுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லியோ வாழைப்பழமோ, முடிஞ்சப்புறம் முட்டை, சுண்டல், கடலை மிட்டாய், ராத்திரி வீட்டுச் சாப்பாடு. நம்ம ஊர் புழுக்கத்துல தண்ணிதான் முக்கியம், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்துவோம். ஏப்ரல், மே மாசத்துல காலை 6 மணி பேட்ச் மட்டும்தான், உப்பு போட்ட நீர்மோர் குடுத்து விடுங்க.

கிரிக்கெட்டும் ஆடறான், விட்டுடச் சொல்லவா?

ஏன் விடணும்? கிரிக்கெட், கபடி, நீச்சல், மரமேறறது, எல்லாம் ஆடட்டும். கபடில ரெய்டு போறவன் ஒடம்ப ஆட்டி ஏமாத்தறதப் பாத்திருக்கீங்களா? அது அப்படியே டாட்ஜ்தான். ஒண்ணே ஒண்ணுன்னு முடிவு பண்ற வயசு 13, 14-க்கு மேல, அதுவும் அவனா பண்ணட்டும்.

டியூஷன் இருக்கு, பரீட்சை இருக்கு. நிறுத்திடலாமா?

வாரத்துக்கு மூணு நாள வேணா ஒரு நாளாக்குங்க. மொத்தமா நிறுத்தாதீங்க. டென்த் வருதுன்னு நிறுத்துன பசங்கள்ல திரும்பி வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், ஃபுட்பால் போனது மட்டும் இல்ல, சாயங்காலம் ஓடியாடுனதும் போயிடுது, கூட்டாளிங்களும் போயிடறாங்க. பரீட்சை நேரத்துல பசங்க புக்கோட வந்தா முன்னாடி அரை மணி நேரம் கேலரில உக்காந்து படிக்கட்டும், பெரிய பசங்க சின்னவங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றாங்க, நடந்துக்கிட்டுதான் இருக்கு.

நெஜத்த சொல்லுங்க சார், ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக், ஆடுவானா?

பெரும்பாலான பசங்க ஆட மாட்டாங்க. இத முதல் நாளே சொல்லிடறேன். பத்து வயசுப் பிள்ளையப் பாத்து இவன் ப்ரொஃபஷனல் ஆவான்னு அடிச்சு சொல்றவங்க கிட்ட பணத்தக் கட்டாதீங்க. யாராலயும் சொல்ல முடியாது, மேல சொன்ன கிரீஸ்மன் கதையே அதுதான். நெஜமாவே அந்தத் திறமையும் ஆசையும் இருந்தா 13, 14 வயசுல நானே கூப்பிட்டு சொல்வேன், எங்களை விட நல்ல எடத்துக்கு ட்ரையல்ஸுக்கு நானே கூட்டிட்டுப் போவேன், நம்ம பிள்ளைன்னு பிடிச்சு வெச்சுக்க மாட்டேன்.

வந்து நிக்கறான், உள்ள போகவே மாட்டேங்கறான், அழறான்?

நிக்கட்டும். ஒரு பந்த அவன் கால் கிட்ட உருட்டி விட்டுட்டு நான் போயிடுவேன். ஒருத்தன் ஒன்பது நாள் லைனுக்கு வெளியவே உக்காந்திருந்தான், அவங்கம்மா தெனமும் "சார் காசு வேஸ்ட்டாப் போகுது சார்"னு கண்ணு கலங்குவாங்க. பத்தாவது நாள் ஒரு டீமுல ஆள் கொறைஞ்சுது, பசங்களே "டேய் வாடா"ன்னு கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டான். நான் கூப்பிட்டிருந்தா போயிருக்க மாட்டான்.

சேக்கணும்னா என்னென்ன வாங்கணும்?

தண்ணி பாட்டில், ஷின் பேடு (முன்னங்கால் எலும்புக்கு போடற காப்பு), சாதா ஸ்போர்ட்ஸ் ஷூ. நம்ம கிரவுண்டு கட்டாந்தரை, அதனால அடில நீளமான குமிழ் (ஸ்டட்ஸ்) இருக்கற ஷூ வாங்காதீங்க, வழுக்கும், முட்டிய திருப்பிடும். வீட்டுல ஆட பந்து வாங்கறதா இருந்தா 8 வயசுக்குக் கீழ சைஸ் 3, 12 வரைக்கும் சைஸ் 4, அதுக்கு மேலதான் 5. பெரிய பந்த வாங்கிக் குடுத்தா வளர்ற கால் அத ஒதைக்கத் தெரியாம நுனிக்கால்ல குத்திப் பழகிடும். ஃபீஸ் கட்ட முடியலன்னா என் கிட்ட தனியா சொல்லுங்க, அதுக்காக ஒரு பிள்ளையும் திரும்பிப் போனதில்ல. முதல் ரெண்டு வாரம் யாருக்கும் ஃபீஸ் கெடையாது. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் அஞ்சேகாலுக்கு வந்துடுங்க, அஞ்சரைக்கு ஆரம்பிச்சுடுவோம், பந்து நாங்க தர்றோம்.